கப்பி ரோடும் மிதிவண்டியும்: மூடப்பட்ட ஒரு மலைப்பாதையின் வரலாறு

மார்கழி மாதத்தில் மேகம் இல்லாத ஒரு காலையில் உடுமலைப்பேட்டையில் நின்று தெற்கே பார்த்தால் மலை ஒரு மதில் சுவர் போலத் தெரியும். இடது கைப் பக்கம் பழனி மலைகள். வலது கைப் பக்கம் ஆனைமலை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு ஒரு நாள் மெஷின் சத்தம் இல்லாமல் இருக்கும் திருப்பூர்க்காரர்களுக்கு அந்த மதில் சுவரின் மேல் எப்போதுமே ஒரு கண். முன்பெல்லாம் வேனிலும் பைக்கிலும் போனார்கள். இப்போது கியர் வைத்த, டயர் கொஞ்சம் தடித்த சைக்கிளில் போகிறவர்களும் கூடிவிட்டார்கள். அவர்கள் தேடுவது ஒன்றுதான்: லாரி இல்லாத, பஸ் இல்லாத, ஹாரன் சத்தம் இல்லாத ஒரு மலை ரோடு.

அப்படி ஒரு ரோடு இருக்கிறதா? இருக்கிறது. அதுவும் அந்த மதில் சுவருக்கு நேர் பின்னால்! ஊட்டியை விட உயரத்தில், சோலைக் காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே, கொடைக்கானலையும் மூணாறையும் இணைத்த ரோடு. மோட்டார் வண்டிகள் அதில் ஓடுவது நின்று முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஆனால் சைக்கிளும் போக முடியாது. ஏன் என்று கேட்டால், அது கொஞ்சம் நீளமான கதை.

முதலில் ரோடு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இன்று வெளிநாட்டில் கிராவல் பைக்கிங் என்று பெரிதாகப் பேசுகிறார்கள். தார் போடாத, சரளைக் கல் கிடக்கும் பாதையில் சைக்கிள் ஓட்டுவதுதான் அது. நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதே கப்பி ரோட்டில்தான். கொங்கு நாட்டில் இன்னொரு பாதையும் உண்டு, இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகும் அளவுக்கு மண் தடம். லாரி நுழைய முடியாது. வாகனம் இல்லாத பாதையை ஐரோப்பாவில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் கொங்கு நாட்டுக்கு இல்லை. இட்டேரிகளைத் தாரும் சிமெண்டும் போட்டு அகலப்படுத்திய பிறகுதான் அப்படி ஒன்றைத் தேடிப் போக வேண்டியதாகிவிட்டது.

கப்பி ரோட்டுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு. ஜான் லவுடன் மக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சொன்னது எளிய விஷயம்: உடைத்த சிறு கற்களை அடுக்கு அடுக்காகப் பரப்பு, தண்ணீர் வடிய வழி செய், மேலே ஓடும் வண்டிச் சக்கரமே கல்லை இறுக்கிக் கொள்ளும். இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரம் உருண்டபோது இந்த முறை நன்றாகத்தான் வேலை செய்தது. கல் நொறுங்கி வந்த தூளே கற்களுக்கு இடையே பசை மாதிரி இறங்கியது. பிறகு மோட்டார் கார் வந்தது. அதன் ரப்பர் டயர் வேகமாக ஓடும்போது அந்தத் தூளை உறிஞ்சி எடுத்துக் காற்றில் விட்டது. ஊரெல்லாம் புழுதி, ரோடெல்லாம் குழி. அதை அடக்கத்தான் தார் வந்தது. அதாவது, தார் ரோடு மோட்டார் வண்டிக்காக வந்ததே தவிர சைக்கிளுக்காக வரவில்லை. டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தது 1888ல். அந்த டயர் போட்ட சைக்கிளுக்குக் கப்பி ரோடே போதுமானதாக இருந்தது.

ஆல்ப்ஸ் மலையின் கதையும் இங்கேதான் சேருகிறது. அந்த மலையில் உயரமான சரளைப் பாதைகளில் பலவற்றை முதலில் போட்டது ராணுவம். பிரான்சும் இத்தாலியும் மாறி மாறிச் சண்டை போட்ட எல்லை அல்லவா! பீரங்கியை மேலே இழுக்க ஏற்றம் மெதுவாக இருக்க வேண்டும், அதனால் கொண்டை ஊசி வளைவுகளாகப் போட்டார்கள். சண்டை முடிந்தது, கோட்டைகள் காலியாயின, பாதைகள் மட்டும் மிஞ்சின. அதே மெதுவான ஏற்றம் இன்று சைக்கிள்காரனுக்கு வசதியாகப் போய்விட்டது. 1910ல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் முதன்முதலில் பைரனீஸ் மலையின் பெரிய கணவாய்களில் ஏறியபோது அங்கே தார் என்ற பேச்சே இல்லை. கல்லும் சேறும்தான். ஆக்டேவ் லாபிஸ் என்ற வீரர் நடந்தும் தள்ளியும் ஏறி, பந்தயம் நடத்தியவர்களைப் பார்த்து "கொலைகாரர்கள்!" என்று கத்தியதாகச் சொல்வார்கள். கத்தியவர்தான் அந்த வருடம் ஜெயித்தார்! அடுத்த வருடம், 1911ல், பந்தயம் ஆல்ப்ஸின் கலிபியே கணவாயைத் தாண்டியது.

இத்தாலியில் ஃபினெஸ்ட்ரே என்று ஒரு கணவாய், 2,178 மீட்டர் உயரம். அதன் கடைசி எட்டு கிலோமீட்டர் இன்றும் சரளைதான். 2005ல் ஜிரோ டி இத்தாலியா பந்தயம் அங்கே போன பிறகு உலகம் முழுக்கப் பெயர் வந்துவிட்டது. பக்கத்திலேயே அசியெத்தா என்ற ராணுவப் பாதை, மலை முகட்டின் மேலேயே 2,000 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வாரத்தில் இரண்டு நாள் பகல் நேரத்தில் அதில் மோட்டார் வண்டி கூடாது என்று விதி வைத்தார்கள். நடப்பவர்களும் சைக்கிளும் மட்டும். டஸ்கனியில் 1997ல் தொடங்கிய லெரோய்க்கா என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தின் நோக்கமே அங்குள்ள வெள்ளைச் சரளை ரோடுகளைத் தார் போடாமல் காப்பாற்றுவதுதான். தார் போடு என்று மனு கொடுக்கும் ஊர்களைப் பார்த்த நமக்கு, தார் போடாதே என்று சைக்கிளில் கிளம்பிய ஊர் வேடிக்கையாகத் தோன்றலாம்.

இனி நம் மலைக்கு வருவோம்.

மூணாறுப் பக்கம் ரோடு வருவதற்கு முன்பே தடங்கள் இருந்தன. மதுரையில் இருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் வரலாற்றைச் சொல்பவர்கள் முதுவர். முதுகில் சுமந்து வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற அஞ்சுநாட்டு ஊர்களின் மக்களும் தமிழ்நாட்டில் இருந்து ஏறியவர்கள்தான். இன்று மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் மறையூருக்கு உடுமலைச் சந்தை தூரமில்லை. மறையூரில் பாறைமேல் நிற்கும் கற்திட்டைகளை அங்கே முனியறை என்கிறார்கள். அதைப் பார்த்தால், இந்தத் தடத்தில் மனிதன் ஏறி இறங்கிய காலம் எவ்வளவு பழையது என்று புரியும்.

1877ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் அரசரிடம் இருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு தேயிலை வந்தது. தேயிலை வந்தால் பெட்டி பெட்டியாகக் கீழே இறக்க வேண்டுமே? அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு இன்று கேட்டாலும் ஆச்சரியம். 1902ல் மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். யூயிங் முறை என்று அதற்குப் பெயர். பாரத்தில் பெரும்பங்கைத் தாங்கும் சக்கரங்கள் அந்த ஒரே தண்டவாளத்தில் ஓடும், பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் மண் ரோட்டில் உருண்டு வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இழுப்பது மாடு! பாதி ரயில், பாதி கப்பி ரோடு என்றால் தப்பில்லை. 1908ல் அதை இரண்டடி அகலச் சிறு ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனில் இருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடியில் இருந்த கீழ் ஸ்டேஷனுக்கு இறங்கும். (இது போடிக்குப் பக்கத்துக் கொட்டகுடி, அஞ்சுநாட்டுக் கொட்டகுடி வேறு.) அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர்.

1924 ஜூலையில் பெய்த மழையை மலையாளிகள் இன்றும் "தொண்ணூற்று ஒன்பதின் வெள்ளம்" என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099ல் வந்ததால் அந்தப் பெயர். அந்த வெள்ளத்தில் மூணாறு ரயில் போனது போனதுதான், திரும்பப் போடவில்லை. ஆலுவாவில் இருந்து பூயங்குட்டி வழியாக மூணாறுக்கு வந்த பழைய ரோடும் அதே மழையில் அழிந்தது. அதற்குப் பதிலாக நேரியமங்கலம் வழியாக வேறு ரோடு போட்டார்கள். பழைய ரோடு காட்டுக்குள் கிடக்கிறது. மலையில் ரோடு மறைவது புதிதல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொடைக்கானல் பக்கக் கதை வேறு. 1845ல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்டினார்கள். அன்று பெரியகுளம் பக்கம் இருந்து கூலி காட் என்ற செங்குத்தான தடத்தில் குதிரையிலும், டோலியிலும், ஆள் தோளிலும் ஏறினார்கள். பெயரிலேயே யார் சுமந்தார்கள் என்பது இருக்கிறது பாருங்கள். 1860களில் ராணுவ அதிகாரி டக்ளஸ் ஹாமில்டன் பழனி மலையின் மேல்தளத்தை ஆராய்ந்தார். பேரிஜம் பக்கத்தில் ஃபோர்ட் ஹாமில்டன் என்ற பெயர் அவரால் வந்ததே (கோட்டை எதுவும் கிடையாது!). லா'ஸ் காட் என்ற வண்டிப் பாதை வத்தலக்குண்டு பக்கம் இருந்து மேலே வந்தது முதல் உலகப் போர் ஆண்டுகளில்தான்.

கொடைக்கானலில் இருந்து மேற்கே பேரிஜம் ஏரி, வந்தரவு, பாம்பாடும் சோலை, டாப் ஸ்டேஷன், மூணாறு என்று போகும் பாதைக்குக் கோஷன் ரோடு என்று பெயர். 1924 முதல் 1929 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த கோஷன் பிரபுவின் பெயர் அது. மொத்தம் எண்பது கிலோமீட்டரை ஒட்டிய தூரம். வந்தரவு அருகே 2,400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. தென்னிந்தியாவில் மோட்டார் வண்டி போன மிக உயரமான பாதைகளில் ஒன்று.

இந்த ரோட்டுக்கு மக்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது: எஸ்கேப் ரோடு, தப்பிக்கும் பாதை. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்டன. 6ம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். சென்னை அடுத்தது என்று பயந்து அரசு அலுவலகங்களையே உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். ஜப்பான் படை சென்னையில் இறங்கினால் வெள்ளைக்காரர்கள் கொடைக்கானல் ஏறி, இந்த ரோடு வழியாக மூணாறு போய், கொச்சித் துறைமுகத்தில் கப்பல் ஏறிவிடலாம் என்பது திட்டம் என்று சொல்லப்படுகிறது. ஜப்பான்காரன் வரவில்லை. யாரும் தப்பிக்கவும் இல்லை. பெயர் மட்டும் மிஞ்சியது. ஆல்ப்ஸ் பாதை சண்டை போடப் போட்டது, இது ஓடிப்போக ஒதுக்கி வைத்தது... அவ்வளவுதான் வித்தியாசம்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மேல்தளத்தில் வேறு ஒரு வேலை நடந்தது. அதற்கும் நம் துணித் தொழிலுக்கும் தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பழனி மலையின் மேல்தளம் இயற்கையில் புல்வெளி, பள்ளங்களில் மட்டும் சோலை. வனத்துறைக்கு அன்று புல்வெளி என்றால் வீண் நிலம். அங்கே சீகை மரம், யூகலிப்டஸ், பைன் நட்டார்கள். சீகைப் பட்டை தோல் பதனிட. மரக்கூழ் செயற்கைப் பட்டு நூலுக்கு, அதாவது விஸ்கோஸ் ரேயானுக்கு. மேட்டுப்பாளையத்துக்கு அருகே சிறுமுகையில் இருந்த சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை நீலகிரி, பழனி மலை மரங்களைக் கூழாக்கி இழையாக்கியது. பனியன் ஊரில் விஸ்கோஸ் துணி புதிதல்ல. ஆனால் அந்த இழைக்காக ஒரு காலத்தில் மலைப் புல்வெளி மறைந்தது என்பதை யாரும் துணியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பவானி ஆற்றை அசுத்தமாக்கியதாக எழுந்த எதிர்ப்புக்கும் வழக்குகளுக்கும் நடுவே அந்த ஆலை பிறகு மூடிக் கிடந்தது.

மரம் வெட்டினால் லாரி வர வேண்டும். லாரி வர மண் ரோடு வெட்ட வேண்டும். இன்று படத்தில் பார்த்து "ஆஹா, ஆல்ப்ஸ் மாதிரி இருக்கிறதே" என்று சொல்ல வைக்கும் பைன் காட்டுச் சரளைத் தடங்களில் பல இந்த மரக் கூப்புக்காகப் போட்டவை. ஆல்ப்ஸ் மாதிரி இருப்பதில் ஆச்சரியம் இல்லை, மரமே வெளியூர் மரம்தானே! 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு காடுகளில் மரம் வெட்டுவது பெரிதும் நின்றது. லாரி போனது, தடம் நின்றது.

எஸ்கேப் ரோடு அதற்கு முன்பே, 1990 வாக்கில், மூடப்பட்டுவிட்டது. காரணங்கள் பல சொல்வார்கள். பராமரிப்பு இல்லை, மழைக்கு ரோடு சரிந்தது, கஞ்சா கடத்தல், இரண்டு மாநில எல்லைச் சிக்கல். மூடிய பிறகு காடு தன் வேலையைச் செய்தது. கேரளா 2003ல் பாம்பாடும் சோலையைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 2006ல் குறிஞ்சிமலைச் சரணாலயம். தமிழ்நாட்டுப் பக்கம் 2013ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். ரோடு போகும் இடம் முழுக்கப் பாதுகாக்கப்பட்ட காடு ஆகிவிட்டது. பேரிஜம் வரை மட்டும் வனத்துறை அனுமதிச் சீட்டோடு பகலில் போய் வரலாம். அந்தப் பக்கம் டாப் ஸ்டேஷன், வட்டவடை வரை மூணாறு வண்டிகள் வருகின்றன. நடுவில் உள்ள துண்டுதான் அடைப்பு.

இந்த அடைப்பால் உடுமலைக்கு ஒரு விசித்திரமான முக்கியத்துவம் வந்தது. பழைய ரோட்டில் கொடைக்கானலில் இருந்து மூணாறு எண்பது சொச்சம் கிலோமீட்டர். இன்று அதே இரண்டு ஊருக்கும் போக ஒருவர் பழனிக்கு இறங்கி, உடுமலை வந்து, சின்னார், மறையூர் வழியாகத் திரும்ப ஏற வேண்டும். ஏறக்குறைய இரு மடங்கு தூரம். வரைபடத்தில் பாருங்கள்: உடுமலை, மறையூர், மூணாறு, டாப் ஸ்டேஷன், கொடைக்கானல், பழனி, மீண்டும் உடுமலை. அழகான ஒரு வட்டம், ஒரு துண்டு மட்டும் அறுந்து கிடக்கிறது. சைக்கிள்காரர்கள் பெருமூச்சு விடுவது அந்தத் துண்டைப் பார்த்துத்தான்.

ஆல்ப்ஸில் செய்வது போல வாரம் இரண்டு நாள் சைக்கிளுக்குத் திறந்தால் என்ன? நியாயமான கேள்விதான். சைக்கிள் புகை விடாது, சத்தம் போடாது, மரத்தைக் கடத்தாது. ஆனால் அந்தச் சத்தம் இல்லாததுதான் இங்கே சிக்கல். ஆல்ப்ஸ் வளைவில் திரும்பினால் எதிரே மாடு நிற்கும், கழுத்தில் மணியோடு. இங்கே வளைவில் திரும்பினால் காட்டெருமை நிற்கலாம், யானை நிற்கலாம். மோட்டார் வண்டி வருவது யானைக்கு முன்கூட்டியே கேட்டுவிடும். சரளைச் சரிவில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சைக்கிள் யானைக்கும் அதிர்ச்சி, ஆளுக்கும் அதிர்ச்சி. உடுமலை – சின்னார் ரோட்டில் யானைகள் அமராவதி அணைக்குத் தண்ணீர் தேடிக் கடக்கும் கோடை நாட்களில் இது வெறும் கற்பனை இல்லை.

நம் நாட்டில் மலை ரோட்டை வாகனத்துக்கு மூடுவது விலங்குக்காக, அதுவும் பெரும்பாலும் இரவில். 2009ல் பந்திப்பூரில் இரவுப் போக்குவரத்து நின்றது. 2022ல் உயர்நீதிமன்ற உத்தரவால் திம்பம் மலைப்பாதையில். அங்கே மனிதன் ஒதுங்கிய நேரம் விலங்குக்குக் கிடைக்கிறது. ஆல்ப்ஸில் கார் ஒதுங்கிய நேரம் இன்னொரு மனிதனுக்குக் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பேசாமல் விட்டால் இந்த வரலாறு நகரத்துக்காரன் கதையாகிவிடும். திருமூர்த்தி மலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி போன்ற மலைக் குடியிருப்புகள் இருக்கின்றன. திருப்பூர் மாவட்டத்திலேயே, பனியன் கம்பெனிகளில் இருந்து சில மணி நேர தூரத்தில்! புலையரும் முதுவரும் வாழும் ஊர்கள். கர்ப்பிணியையும் நோயாளியையும் கம்பில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக் காட்டுத் தடத்தில் இறக்கியிருக்கிறார்கள். திருமூர்த்தி மலைக்கு ஒரு ரோடு வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2006 வன உரிமைச் சட்டம் அந்தக் கோரிக்கைக்குப் பிடிமானம் கொடுத்தது. வாகனம் இல்லாத மலைப்பாதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருபவனுக்குச் சுகம். திங்கட்கிழமையும் அங்கேயே இருப்பவனுக்கு அது சுமை. கூலி காட்டின் ஓரத்தில் உள்ள வெள்ளகவி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குதிரை முதுகிலும் தங்கள் முதுகிலும் சாமான் ஏற்றிய கதையும் இதுதான்.

எஸ்கேப் ரோட்டைத் திறக்கச் சொல்லும் குரல் இரண்டு மாநிலங்களிலும் அவ்வப்போது எழுகிறது. கேட்பவர்களில் ஹோட்டல்காரர்கள் உண்டு, காய்கறி விவசாயிகளும் உண்டு. மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை விவசாயி பூண்டும் உருளைக்கிழங்கும் விற்க கொடைக்கானல் சுற்றித்தான் இறங்க வேண்டும். திறந்தால் அவருக்கு லாபம், சந்தேகமில்லை. ஆனால் திறக்கும் ரோட்டில் அவர் லாரி மட்டுமா போகும்? சீசன் நாளில் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நிற்கும் வண்டி வரிசையைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். அந்த வரிசை அப்படியே பாம்பாடும் சோலைக்குள் நீளும். சோலையை மறுபடி நட முடியாது. அதனால் மோட்டாருக்கு அது மூடியே இருப்பது சரி என்றுதான் தோன்றுகிறது. சைக்கிளுக்கு, வனத்துறை ஆளோடு, குழுவாக, பகலில், சில மாதங்கள் மட்டும் என்று ஒரு வழி யோசிக்கலாம். அதில் வரும் காசு கிளாவரைக்கும் வட்டவடைக்கும் போக வேண்டும் என்பது அதற்கு முதல் நிபந்தனை.

கிளாவரையில் தமிழ்நாட்டு ரோடு முடிகிறது. அங்கிருந்து வட்டவடைப் பக்கத்துக் கோவிலூருக்கு ஒரு நடைத்தடம் இறங்குகிறது. கோவிலூரிலும் தமிழ்தான் பேசுகிறார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு இரண்டு ஊருக்கும் உண்டு. ரோடு வழியாகப் போனால் அவர்கள் கொடைக்கானல், பழனி, உடுமலை, மறையூர், மூணாறு என்று முழு மலையையும் சுற்ற வேண்டும். தடத்தில் நடந்தால் அரை நாள் கூட ஆகாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்கள் இன்றும் அந்தத் தடத்தில்தான் நடந்து போகிறார்கள்.